இரண்டு சுற்று

பிரேக் என்றால் மிதித்தால்தான் பிடிக்கும் என்று பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கிரேன் மோட்டாரின் பிரேக் வேறு ரகம். கரண்ட் இருக்கும்வரை விட்டிருக்கும். நின்றதும் ஸ்பிரிங் அழுத்திப் பிடித்துக்கொள்ளும். அந்த ஸ்பிரிங்கை இறுக்கும் நட்டு பட்டறை எலக்ட்ரீஷியனின் பொறுப்பு. இருபது வருடம் ஒழுங்காகத்தான் பார்த்தான்.

கொக்கியில் பாரம் மாட்டும் வேலை அவனுடைய அத்தானுக்கு, அதாவது அக்கா புருஷனுக்கு. இரும்பு வார்க்கும் மண் அச்சுகளை இறக்கும்போது பிரேக் வெடுக்கென்று பிடிக்கும், அச்சு உதிரும். மேஸ்திரியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது அத்தான்.

"மச்சான், கொஞ்சம் தளர்த்தி விடேன். பூ மாதிரி நிக்கணும்" என்றார்.

மெதுவாகப் பிடிக்கும் பிரேக் கடையில் இல்லாமலில்லை. எழுதிப் போட்டால் வர மாதக்கணக்காகும். அத்தான் கேட்டு எதைத்தான் மறுத்திருக்கிறான்? நட்டை இரண்டு சுற்று தளர்த்தினான். மண் அச்சைத் தூக்கிப் பார்த்தார்கள், அருமையாக நின்றது. அதைவிடக் கனமானதைத் தூக்கிப் பார்க்க இருவருக்கும் தோன்றவில்லை.

மூன்று மாதம் கழித்து அதே கிரேனில் இரும்புக் கட்டி ஏறியது. அந்தரத்தில் நின்ற கட்டி நழுவி இறங்கியது. அத்தான் அடியில் இருந்தார்.

விசாரணைக்கு ஆட்கள் வருவதற்குள் இவன் நட்டை இறுக்கிவிட்டான், பாவி. சோதித்தவர்கள் பிரேக்கில் குறையில்லை, செத்தவரின் கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

ஒரு மாதம் கழித்து அக்கா வீட்டுக்குப் போனான். அவள் அத்தானின் சட்டைகளை மடித்தபடி அவரைத் திட்டிக்கொண்டிருந்தாள். ஊருக்கெல்லாம் புத்தி சொன்ன மனுஷனுக்குச் சொந்தப் புத்தி எங்கே போயிற்று என்றாள். "அப்பா ஏன் அங்க போய் நின்னாரு?" என்று சின்னவளும் கோபமாகக் கேட்டுவிட்டு விளையாடப் போனாள். அதற்குமேல் அவனால் தாங்க முடியவில்லை.

"அக்கா, பிரேக்கைத் தளர்த்தினது நான். அவங்க வர்றதுக்குள்ள இறுக்கினதும் நான்தான்."

அவள் கை நின்றது.

"அவரு கேட்டாரா?"

"கேட்டாரு."

"கேட்டா செஞ்சிடுவியா?" என்றாள். "அடியில நிக்காதீங்கன்னு தலையால அடிச்சுக்குவேன். மச்சான் பார்த்த பிரேக்கு, ஒண்ணும் ஆகாதும்பாரு."

அவன் அழுதான். அவள் அழவில்லை. சட்டையை மடியில் வைத்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பிப் பிள்ளைகளைக் கூப்பிட்டாள்.

"உள்ள வாங்க. மாமா அப்பாவைப் பத்தி ஒண்ணு சொல்லணுமாம்."

பிள்ளைகள் இருவரும் ஓடிவந்து, எப்போதும்போல மாமாவின் இரண்டு பக்கமும் ஒட்டி உட்கார்ந்துகொண்டார்கள்.