தகரத்துக்கு மேல் ஒரு வண்டி வைக்கோல்

வெள்ளைக்காரன் ஆண்ட காலம், கண்ணுகளா. கம்பத்தில் அந்தப் பெண்பிள்ளைகள் விடுதிக்குத் தகரக் கூரைதான். பங்குனி பிறந்தால் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டிலிருந்தும் ஒரு வண்டி வைக்கோல் வந்து இறங்கும். அவளவள் பாய்க்கு நேர் மேலே தகரத்தில் பரப்பிக் கயிறு போட்டுக் கட்டுவார்கள். ஆனிக் காற்று தொடங்கினால் இறக்கி வைத்து, மார்கழியில் அதையே பாய்க்குக் கீழே போட்டுக்கொள்வார்கள். வெயிலுக்கும் அதுதான், குளிருக்கும் அதுதான். வண்டி வராவிட்டால் அந்த வீட்டில் படிப்பை நிறுத்திவிட்டார்கள் என்று அர்த்தம். யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை.

சுருளிப்பட்டி ராமுத்தாய்க்கு அந்த வருஷம் வண்டி வரவில்லை. அவளைப் பெற்ற அய்யா தை மாதம் செத்துப்போனார். காரியம் முடிந்த அன்றே சித்தப்பா சின்னக்கருப்பு, "ஏழாப்பு வரைக்கும் போதும். பரீட்சைய எழுதிட்டு வந்து களையெடுக்கட்டும்" என்றுவிட்டார். அவள் அழவும் இல்லை, எதிர்த்துப் பேசவும் இல்லை. விடுதிக்குத் திரும்பி, பழைய இடத்திலேயே பாயை விரித்தாள்.

"ஏ ராமுத்தாயி, உன் இடத்துல அப்பளம் சுடலாம்டி," என்றாள் பக்கத்துப் பாய் சுகிர்தம். "என் பக்கம் நகந்து வா."

"வேணாம். இங்கனயே இருக்கேன்."

நகர்ந்தால் இடம் போய்விடும் என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஒருநாள் விடுதியைப் பார்த்துக்கொள்ளும் ஜெபராணி டீச்சர் அவள் முதுகைப் பார்த்துவிட்டார்.

"முதுகெல்லாம் வேர்க்குரு வெடிச்சுக் கெடக்கே, எரியலையா?"

"தெரியல டீச்சர்."

டீச்சர் அண்ணாந்து மேலே வெறும் தகரத்தைப் பார்த்தார். "ஞாயித்துக்கிழமை வரைக்கும் வண்டி வருதான்னு பாப்பேன். அப்புறம் அடுத்த வருஷத்துக்கு உன் இடத்தக் கோம்பையிலருந்து இடம் கேட்டு வந்த பிள்ளைக்கு எழுதிருவேன். கோவிச்சுக்காத."

"சரிங்க டீச்சர்."

சனிக்கிழமை உச்சிவெயிலில் வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவள் ராமுத்தாயைப் பெற்றவள் மொக்கம்மாள். புருஷனை இழந்தவள் மூன்று மாதம் வாசலைத் தாண்டக்கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

"சித்தப்பா விட்டாகளா?" என்று கேட்டாள் ராமுத்தாய்.

"அவன் தோட்டத்துக்குப் போயிருந்தான். நான் மாட்டப் பூட்டிட்டேன்." மொக்கம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "உங்கய்யா இருந்தா ரெண்டு கட்டு கம்மியாத்தான் ஏத்தியிருப்பாக. ம், ஏறு மேல."

போன வருஷம் அய்யா ஏறிய ஏணி. ராமுத்தாய் அதில் நின்றுகொண்டு, ஆத்தா வீசிய கட்டுகளைப் பிடித்துப் பிரித்துப் பரப்பினாள். ஒரு கட்டு கைக்கு எட்டாமல் சரிந்தது. தாவிப் பிடிக்கப்போனவள் வெறும் தகரத்தில் உள்ளங்கையை ஊன்றினாள்.

"ஆத்தா," என்றாள்.

"என்னடி?"

"சுடுது ஆத்தா."

மொக்கம்மாள் அண்ணாந்து பார்த்தாள். மகளின் கன்னத்தில் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

"பங்குனி வெயிலு, சுடாம என்ன செய்யும்?" என்றாள். "கைய எடு. இந்தா, அடுத்த கட்டப் பிடி."