தண்ணீரில் மூழ்காத வண்டி

எங்கள் வீட்டுக்குப் போகும் வழியில் தார் ரோடு முடிந்ததும் ஒரு செம்மண் மேடு இருக்கிறது. நீளம் முந்நூறு அடிதான். வெயிலில் அது புழுதி, மழை பெய்தால் களி. போன மழையில் எங்கள் சின்னக் கார் அதில் இரண்டு முறை புதைந்தது. இரண்டாம் முறை பின்னால் நின்று தள்ளிய எதிர்வீட்டுத் தையல்காரர், முகத்தில் தெறித்த சேற்றைத் துடைத்துக்கொண்டே, "சார், அடுத்த தடவை முந்தின நாளே சொல்லிடுங்க, பழைய சட்டையா பாத்துப் போட்டுக்கிட்டு வர்றேன்" என்றார். என் மனைவிக்கு ஆஸ்பத்திரி லேபில் வேலை. காலை ஏழு மணிக்கே இரத்தம் கொடுக்க ஆட்கள் வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்திருப்பார்கள். அன்று அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மேடு ஏறி நடந்தே போனாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்றைக்கே முடிவு செய்தேன். பழையதாக இருந்தாலும் பரவாயில்லை, நாலு சக்கரமும் இழுக்கிற உயரமான வண்டி ஒன்று வாங்கிவிட வேண்டும்.

நான் ஓர் அலுவலகத்தில் தபால் பிரிவில் இருக்கிறேன். வந்த கடிதத்துக்கு எண் போடாமல் கீழே வைத்த பழக்கம் இல்லை. வண்டிக்கும் அப்படியே ஒரு நோட்டுப் போட்டேன், ஒரு வண்டிக்கு ஒரு பக்கம் என்று. பக்கத்து மேஜைக்காரர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பொண்ணு பாக்கக்கூட இவ்வளவு எழுதியிருக்க மாட்டீங்க போல. ஆபீசுக்கும் வீட்டுக்கும் போயிட்டு வர யானையா? தீனி போட முடியுமா?" என்று கேட்டார். சிரித்துவிட்டு எழுத்தைத் தொடர்ந்தேன்.

கூட வந்தவன் என் மச்சினன், மனைவியின் தம்பி. ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். ஊரே அவனை ஸ்பேனர் என்றுதான் கூப்பிடும். ஞாயிறுதோறும் இருவரும் கிளம்பினோம். முதல் வண்டியின் மீட்டர் முப்பதாயிரம் என்றது. ஸ்பேனர் குனிந்து பிரேக் பெடலைத் தொட்டுப் பார்த்தான். அதன் ரப்பர் வழுக்கையாகத் தேய்ந்திருந்தது. "மீட்டரைத் திருப்பலாம் மாமா, பெடலைத் திருப்ப முடியாது" என்று வெளியே வந்ததும் சொன்னான். இன்னொரு வண்டியில் நாலு சக்கரத்துக்கான லீவர் பளபளவென்று இருந்தது. அடியில் படுத்துப் பார்த்தால், முன்சக்கரத்துக்குப் போகும் தண்டையே கழற்றி விற்றிருந்தார்கள். வெளியே பட்டு, உள்ளே கிழிசல். ஒரு வண்டிக்கு அடிச்சட்டமெல்லாம் துரு. இப்படி ஆறு பக்கம் எழுதினேன், ஆறையும் அடித்தேன்.

விற்பவர் முன்னால் நாங்கள் பேசிக்கொள்ள முடியாது என்பதால் ஸ்பேனர் முதலிலேயே ஓர் ஏற்பாடு சொல்லியிருந்தான். வண்டி மோசம் என்றால் மணி என்ன என்று கேட்பான். நல்ல வண்டி என்றால் குடிக்கத் தண்ணீர் கேட்பான். அவன் தண்ணீர் கேட்டால் நான் குறை சொல்லத் தொடங்கவேண்டும், விலை இறங்கும். ஆறு வீட்டிலும் அவன் மணிதான் கேட்டான்.

ஏழாவது வண்டி ஒரு மாட்டு டாக்டரம்மாவுடையது. ஓய்வு பெற்றவர். இருபது வருடம் பண்ணை பண்ணையாக ஓட்டிய வண்டி. முழங்கால் வலியால் கிளட்சை மிதிக்க முடியாமல் விற்கிறார். இப்போது வீட்டு வாசலில் ஒரு பெஞ்சு போட்டு, அங்கே கொண்டு வரும் ஆடு, நாய்களுக்கு மட்டும் மருத்துவம். சர்வீஸ் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து எடுத்துக் காட்டினார். எண் போட்டு வைத்திருந்தார். பார்த்ததும் எனக்கு மனசுக்குள் ஒரு மரியாதை வந்தது. அதை நான் மறந்திருக்கக் கூடாது.

ஸ்பேனர் அடியில் படுத்து எழுந்தான். பக்கத்து ஈர மண்ணில் லீவரை மாற்றி ஓட்டிப் பார்த்தான். இறங்கி வந்து, கையைத் துடைத்தபடி, "அம்மா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்றான்.

டாக்டரம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறி உள்ளே போய், இரண்டு டம்ளரில் தண்ணீர் கொண்டு வந்தார். எனக்கும் சேர்த்து. குடித்தேன்.

அந்த நேரம் பார்த்து கேட்டருகே இன்னொருவர் வந்து நின்றார். அந்தத் தெரு முனையில் பேக்கரி வைத்திருப்பவர். அவரும் வண்டி பார்க்க வந்தவர். அவர் பார்த்தால் வண்டி போய்விடும். முன்கதவைத் திறந்து கால்வைக்கும் இடத்துக் கார்ப்பெட்டைத் தொட்டேன். ஈரம். நான் தொடுவதைப் பார்த்ததுமே டாக்டரம்மா, "மாட்டு மருந்து வாடை அடிக்கக் கூடாதேன்னு நேத்துதான் அலசிப் போட்டேன். இன்னும் காயல" என்றார். தெளிவாகச் சொன்னார். தெளிவாகவே என் காதில் விழுந்தது.

நான் நிமிர்ந்து, கேட் வரைக்கும் எட்டுகிற குரலில், "என்னம்மா இது, வெள்ளத்துல முங்கின வண்டியா? அடியெல்லாம் ஈரம்! இதைப் போய் மறைச்சு விக்கலாமா?" என்றேன்.

இருபது வருடம் முட்ட வரும் மாடுகளுக்கு நடுவே நின்ற பெண்மணி, என் முன்னால் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். கேட்டருகே நின்றவர் வந்த வழியே திரும்பிப் போனார். அவர் போவதை நாங்கள் மூவரும் பார்த்தோம்.

"அலசினதுன்னு சொன்னேனே" என்றார் டாக்டரம்மா, மெதுவாக. பிறகு நான் சொன்ன விலைக்குத் தலையாட்டினார்.

திரும்பும் வழியில் ஸ்பேனர், "மாமா, பெயிண்ட் மங்கலா இருக்கு, டயர் பழசா இருக்கு, இப்படி ஏதாவது சொல்லுவீங்கன்னு பாத்தேன். அவங்க குடுத்த தண்ணியக் குடிச்சுட்டு அந்தம்மாவையே திருடி ஆக்கிட்டீங்களே" என்றான்.

"வியாபாரம்னா அப்படித்தான்டா" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

வண்டி தங்கம். அடுத்த மழையில் செம்மண் மேட்டில் லீவரைப் போட்டதும், வெண்ணெயில் கத்தி போல ஏறியது. தையல்காரர் வாசலில் நின்று சல்யூட் அடித்தார். தினமும் மனைவியை ஆறே முக்காலுக்கு லேபில் இறக்கிவிட்டு அலுவலகம் போவேன். அவள் அங்கே எல்லோரிடமும், "எங்க வீட்டுக்காரர் ஏழு வண்டி பாத்துத்தான் இதை எடுத்தார். அவரை யாராலயும் ஏமாத்த முடியாது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். என் காதுபட அவள் அப்படிச் சொல்லும்போதெல்லாம் நான் வண்டிக் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கிவிடுவேன்.

நான்கு மாதம் கழித்து முடிவெட்டப் போனேன். வழக்கமான கடை பூட்டியிருந்ததால், வேறொன்றைத் தேடி அந்த பேக்கரித் தெருவுக்குப் பக்கத்துத் தெருவில் நுழைந்தேன். கழுத்தில் துணியைக் கட்டி, ஒரு பக்கம் வெட்டி முடித்த முடிதிருத்துநர் பேச்சை ஆரம்பித்தார். நாற்காலியில் காத்திருந்தவர் தன் நாய்க்குக் காதில் புண் என்றார்.

"டாக்டரம்மாகிட்ட மட்டும் போயிடாதீங்க" என்றார் முடிதிருத்துநர். "வெள்ளத்துல முங்கின வண்டிய அலசித் தொடச்சு யாரோ ஓர் ஏமாந்தவன் தலையில கட்டிட்டாங்க. எஞ்சினுக்குள்ள மீன் குஞ்சு இருந்துச்சாம். வண்டியிலயே இப்படின்னா, ஊசியில என்ன கலக்குறாங்களோ!"

"அப்படியா?" என்றார் நாய்க்காரர்.

கண்ணாடியில் என் முகம் எனக்கு நேராக இருந்தது. பாதித் தலை வெட்டியாகிவிட்டது, பாதி பாக்கி. எழுந்து ஓடவும் முடியாது. அந்த ஏமாந்தவன் நான்தான், அது பொய் என்று சொல்ல வாயெடுத்தேன். "காதுக்கு மேல கொஞ்சம் குறைங்க" என்றுதான் வந்தது.

அன்று இரவு ஒரு கடிதம் எழுதினேன். மதிப்புக்குரிய டாக்டர் அவர்களுக்கு, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு. மூன்றாவது எண்ணில் நின்றுவிட்டது. சொன்ன பொய் வாயால் சொன்னது, மன்னிப்பை மட்டும் தபாலில் அனுப்பலாமா?

ஞாயிற்றுக்கிழமை மனைவியிடம், ஓரிடம் போய்விட்டு அப்படியே கடைக்குப் போகலாம் என்று கூட்டிக்கொண்டு கிளம்பினேன். டாக்டரம்மா வீட்டுக்குக் கொஞ்சம் தள்ளி வண்டியை நிறுத்தி, அவளை உட்காரச் சொல்லிவிட்டு இறங்கினேன். வாசல் பெஞ்சில் ஒருவரும் இல்லை. பெஞ்சின் மேல் காய்ந்த இலைகள் கிடந்தன.

என்னைப் பார்த்ததும் டாக்டரம்மாவின் முகம் மாறியது. நான் வாய் திறக்கும் முன்பே, "முன்சக்கரம் இழுக்கலையா?" என்றார்.

"இல்லம்மா, நல்லா..."

"அன்னைக்கே ஒண்ணு சொல்லியிருக்கணும். மாசத்துல ஒரு நாளாவது நாலு சக்கரத்துல போட்டு ஈர மண்ணுல கொஞ்ச தூரம் ஓட்டணும். வெயில் காலம்னு சும்மா விட்டா உள்ள இறுகிக்கும். சொல்ல வந்தேன். அதையும் ஒரு குறையா எடுத்துக்குவீங்களோன்னு பயந்து விட்டுட்டேன். மறைச்ச மாதிரிதானே? நாலு மாசமா உறுத்திக்கிட்டே இருக்கு."

நான் செய்ததை எல்லாம் சொன்னேன். தண்ணீர் கேட்ட ஏற்பாட்டையும் சொன்னேன். கார்ப்பெட்டைப் பற்றி அவர் சொன்னது காதில் விழுந்தது என்பதையும் சொன்னேன். குறைத்த பணத்தைத் தந்துவிடுகிறேன் என்று ஆரம்பித்தபோது கையை உயர்த்தி நிறுத்தினார்.

"விலை பேசினது பேசினதுதான். முங்கலைங்கிறது எனக்குத் தெரியாதா? எங்கிட்ட வந்து சொல்லி என்ன ஆகப்போகுது? கேட்டவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க."

உட்காரச் சொல்லவில்லை. நான் தண்ணீர் கேட்கவில்லை, அவரும் தரவில்லை.

பேக்கரியில் கூட்டம். தட்டில் பன் அடுக்கிக்கொண்டிருந்த முதலாளி என்னை அடையாளம் கண்டுகொண்டார். "என்ன சார், வண்டி நீந்துதா?" என்றார். நாலு பேர் சிரித்தார்கள்.

"அந்த வண்டி தண்ணியில முங்கல" என்றேன். அன்றைக்குக் கேட் வரை எட்டிய குரல், இன்று கண்ணாடி அலமாரியைத் தாண்டவில்லை. மறுபடியும் சொன்னேன், சத்தமாக. "முங்கவே இல்ல. டாக்டரம்மா கார்ப்பெட்டை அலசியிருந்தாங்க. அது தெரிஞ்சேதான் பொய் சொன்னேன். உங்க காதுல விழணும்னுதான் சத்தமாச் சொன்னேன்."

சிரிப்பு நின்றது. முதலாளி கடைசி பன்னையும் அடுக்கிவிட்டு நிமிர்ந்தார்.

"என் காதுல விழுந்துச்சு சார். நான் அதை நாப்பது பேர் காதுல போட்டேன். இப்ப அந்த நாப்பது பேர்கிட்டயும் யார் போய்ச் சொல்றது?"

"நான் சொல்றேன்."

"அவங்க யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது.

"முடிவெட்டுற கடைக்குப் போங்க" என்றார் அவர், சிரிக்காமல். "நாப்பதுல முப்பது அங்கதான் உக்காந்திருக்கும். மிச்சத்தை நான் பாத்துக்கறேன். எனக்கும் அதுல பங்கு இருக்கு."

திரும்பினேன். பின்னால் என் மனைவி, கையில் ஒரு ரொட்டிப் பாக்கெட்டோடு நின்றிருந்தாள். எப்போது இறங்கி வந்தாள் என்று தெரியவில்லை. காசை மேஜையில் வைத்துவிட்டு எனக்கு முன்னால் நடந்தாள்.

நேராக முடிதிருத்தும் கடைக்குப் போனேன். வெட்டி ஆறு நாள்தான் ஆகியிருந்தது. காத்திருந்தவர்கள் முன்னால் நின்றபடியே, தண்ணீர் கேட்ட ஏற்பாடு உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். மனைவி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கத்தரி ஓசை நின்றது. "அன்னைக்கு இதே நாற்காலியிலதானே சார் உக்காந்திருந்தீங்க?" என்றார் முடிதிருத்துநர். அவ்வளவுதான் கேட்டார்.

செம்மண் மேட்டடிக்கு வந்ததும் என் மனைவி, "தண்ணி கொண்டு வந்து குடுத்தாங்களா?" என்றாள்.

"குடுத்தாங்க."

"குடிச்சீங்களா?"

"குடிச்சேன்."

லேபில் என்னைப் பற்றி அவள் இப்போது எதுவும் சொல்வதில்லை. டாக்டரம்மா வீட்டுப் பெஞ்சை அவ்வப்போது தூரத்திலிருந்து பார்ப்பேன். போன வாரம் ஒரு நாயும் ஓர் ஆடும் இருந்தன. நாய்க்காரர் அதே ஆளா என்று தெரியவில்லை. மாதத்துக்கு ஒருமுறை லீவரைப் போட்டு ஈர மண்ணில் ஓட்டுகிறேன். நோட்டில் தேதியும் எழுதுகிறேன்.

சந்தையில் தக்காளியைக் கையில் எடுத்து, "என்னப்பா, அழுகினதா இருக்கே" என்று நான் ஆரம்பித்தால், பக்கத்தில் நிற்கும் மனைவி சாதாரணமாகத்தான் கேட்பாள்:

"கார்ப்பெட் ஈரமா இருக்கா?"

தக்காளியைப் பைக்குள் போட்டுவிட்டு, சொன்ன விலையைக் கொடுத்துவிடுவேன்.