மேனேஜருக்கு ஆகாத சந்தோஷம்

எங்கள் தொழிலில் கோளாறு இரண்டு வகை. லிஃப்ட் ஒரேயடியாக நின்றுபோனால் அது நல்ல கோளாறு; கன்ட்ரோல் பெட்டியைத் திறந்தால் எரிந்த ஒயரோ தேய்ந்த ரிலேயோ பல்லைக் காட்டும். மற்றது, வாரத்தில் ஒருநாள் இரண்டு மாடிக்கு நடுவில் நிற்கும். நாம் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினால் ஒன்றும் அறியாத பிள்ளைபோல ஏறி இறங்கும். இருபத்தாறு வருடமாக இதில் பழம் தின்று கொட்டை போட்டவன் நான். அந்த இரண்டாவது வகை என் வீட்டுக்குள்ளேயே வந்து படுத்துக்கொள்ளும் என்று நினைக்கவில்லை.

எங்கள் நாய்க்கு மேனேஜர் என்று பெயர் வைத்தவன் என் மச்சினன், மனைவியின் தம்பி. யார் வந்தாலும் செருப்பை மோந்து, பையைச் சோதித்து, திருப்தி ஏற்பட்ட பிறகுதான் உள்ளே விடும். எனக்கு மட்டும் சோதனை கிடையாது. மாலையில் நான் வாசல் மணி அடித்ததும் வழுக்குத் தரையில் சறுக்கிக்கொண்டு ஓடிவந்து, இடுப்போடு சேர்ந்து வால் ஆட, வாயில் கிடைத்த காலுறையைக் கொண்டுவந்து என் காலடியில் போடும். எங்களுக்குப் பிள்ளை இல்லை, அதனால்தான் நாய்க்கு இவ்வளவு செல்லம் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

முதல் தடவை விழுந்தது அப்படி ஓடி வந்தபோதுதான். முன்காலை என் முட்டியில் வைத்தது, வைத்தபடியே சரிந்தது. கண் திறந்திருந்தது. நாக்கு வெளுத்திருந்தது. நெஞ்சில் கை வைத்தேன். மருந்துக்குக்கூட ஒரு துடிப்பு இல்லை. மனைவி கத்துகிறாள், எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பத்து நொடி இருக்கும். ஒரு பெருமூச்சு விட்டு எழுந்தது. உடம்பை உதறிக்கொண்டு, எங்கள் இரண்டு பேரையும் என்ன ஆச்சு உங்களுக்கு என்பதுபோலப் பார்த்தது.

மிருக ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஈசிஜி எடுத்தார், ஸ்கேன் பார்த்தார், ரத்தம் எடுத்தார். "இதயம் நல்லா இருக்கு. இப்ப பாத்தா ஒண்ணும் தெரியல. அடுத்த தடவ விழும்போது என்ன பண்ணிட்டு இருந்துச்சுன்னு எழுதி வைங்க" என்றார்.

"நாங்களும் இதத்தான் மேடம் சொல்வோம்," என்றேன். "சொன்னா, எங்களுக்கு ஒண்ணும் புரியலன்னு அர்த்தம்."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "எனக்கும் அதே அர்த்தந்தான்" என்றார்.

எழுதி வைத்தேன். இரண்டாவது தடவை, பந்தைத் துரத்தும்போது. மூன்றாவது, மச்சினன் வந்தபோது. நான்காவது, மறுபடி நான் வேலையிலிருந்து வந்தபோது, வாசலில். நோட்டைப் பார்த்தால் சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும். நாலு தடவையும் சந்தோஷத்தில்தான் விழுந்திருக்கிறது.

பிடிபடாத கோளாறுக்கு எங்களிடம் ஒரு வழி உண்டு. ஒவ்வோர் இணைப்பாகக் கழற்றிக்கொண்டே வருவோம். எதைக் கழற்றியதும் ஓட்டம் சீராகிறதோ அதுதான் குற்றவாளி. பந்தைக் கழற்றினேன். மாடிப்படி ஏறுவதைக் கழற்றினேன். மச்சினனை இந்தப் பக்கம் வராதே என்றேன். "உங்க வீட்டு மேனேஜர் எனக்கு லீவு குடுத்துட்டாரா மாமா?" என்று போனில் சிரித்தான். கடைசியில் கழற்ற மிச்சமிருந்தது நான்தான்.

"இனிமே நான் வந்தா அது எழுந்து வரக்கூடாது" என்றேன் மனைவியிடம்.

"அது நாய்ங்க. நீங்க வர்றதுக்குத்தான் நாள் பூராக் காத்துட்டு இருக்கு."

"காத்திருந்து சாகணுமா?"

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். நின்று சண்டை போட்டிருக்கலாம்.

மணியின் ஒயரைப் பிடுங்கினேன். சமையலறைப் பின்கதவு வழியாக, சத்தமில்லாமல் வருவேன். கூப்பிட மாட்டேன், முகம் பார்க்க மாட்டேன். அது ஓடி வந்தால் முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து நிற்பேன். அது போய்த் தன் விரிப்பில் படுக்கும்வரை அப்படியே நிற்பேன். முதல் வாரம் என் காலைச் சுற்றிச் சுற்றி முனகியது. ஏதோ தப்புப் பண்ணிவிட்டோம் என்று நினைத்து என் பாதத்தை நக்கியது. சுவரைப் பார்த்துக்கொண்டே அழுதிருக்கிறேன். சொல்வதில் என்ன வெட்கம். மூன்று வாரத்தில் கற்றுக்கொண்டது. கெட்டிக்கார நாய்.

ஐந்து வாரம் விழவில்லை. பார்த்தாயா என்று மனைவியிடம் மார்தட்டினேன். ஆறாவது வாரம் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் சும்மா படுத்திருந்த மேனேஜர் படுத்தபடியே சிறுநீர் விட்டு விறைத்துப்போனது. வழக்கம்போலப் பெருமூச்சு விட்டு எழுந்தது. நான் என்ன நினைத்திருக்க வேண்டும்? என் கணக்கு தப்பு என்று நினைத்திருக்க வேண்டும். இன்னும் ஏதோ இணைப்பு மிச்சமிருக்கிறது என்று நினைத்தேன். சோறு வைக்கும்போது தடவிக் கொடுக்காதே என்று அவளுக்கும் உத்தரவு போட்டேன். பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

நாலு மாதம் இப்படிப் போனது. டாக்டரம்மா எழுதிக் கொடுத்த மாத்திரை இரண்டு முறை மாறியது, விழுவது மாறவில்லை. கடைசியில் டாக்டரம்மா வெளியூரிலிருந்து ஒரு கருவி வரவழைத்தார். சட்டை மாதிரி உடம்பில் கட்டி, மூன்று நாள் இதயத்தின் ஓட்டத்தை விடாமல் பதியும். நானே கட்டிவிட்டேன். கட்டும்போதும் அதன் முகத்தைப் பார்க்கவில்லை.

முடிவைக் கேட்க இருவரும் போனோம். திரையில் கோடு ஓடியது. "இங்க நின்னிருக்கு, எட்டு நொடி. இங்க பதினொண்ணு. மொத்தம் ஏழு தடவ. எல்லாமே நடுராத்திரி, தூக்கத்துல. உங்களுக்கே தெரியாம."

"ஏன் மேடம்?"

"தெரியல சார். எனக்கு மேல உள்ளவங்ககிட்டயும் கேட்டுட்டேன். பேஸ்மேக்கர் வைக்கணும், இங்க நாய்க்கு வைக்கிறவங்க யாருமில்ல. ஒரு வாரமோ, ஒரு வருஷமோ. ஒருதடவ நின்னது திரும்ப ஓடாமப் போகலாம்."

பிறகு கோட்டைத் தள்ளி ஓரிடத்தில் நிறுத்தினார். "ஆனா இது என்ன? ரெண்டாவது நாள், காலையில பதினொரு மணி. முக்கால் மணி நேரம் வேகமா, சீரா ஓடியிருக்கு. ஒரு துடிப்புகூடத் தப்பல. இந்த மூணு நாள்ல அழகா ஓடின நேரம் இதுதான்."

பதினொரு மணிக்கு நான் வேலையில் இருந்தேன். மனைவியைப் பார்த்தேன். அவள் தன் கைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி வந்திருந்தான். மேனேஜர் அவன் மேல ஏறிக் குதிச்சு, ரெண்டு பேரும் பந்து விளையாடி... நான்தான் விட்டேன். நீங்க திட்டுவீங்கன்னு சொல்லல."

"அப்ப சந்தோஷத்துனால இல்லையா மேடம்?" என்று கேட்டேன்.

"இல்லவே இல்ல. எப்ப வேணா நிக்குது. நீங்க பாத்த நாலும் நீங்க முழிச்சுப் பாத்துட்டு இருந்த நேரம், அவ்வளவுதான். யாராவது சந்தோஷப்படக்கூடாதுன்னு சொன்னாங்களா?"

யாரும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மணியின் ஒயரை மாட்டினேன். நாலு நிமிட வேலைக்கு அரைமணி நேரமாயிற்று. மனைவியை உள்ளே போகச் சொல்லிவிட்டு, வாசலில் நின்று மணியை அடித்தேன். "மேனேஜர்!" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். கதவைத் திறந்துகொண்டு முன்வாசல் வழியாக உள்ளே போய்த் தரையில் மண்டியிட்டு இரண்டு கையையும் நீட்டினேன்.

அது கூடத்தின் நடுவில் நின்றிருந்தது. என்னைப் பார்த்தது. வால் பாதி எழுந்தது. பிறகு நல்ல பிள்ளையாகத் திரும்பி நடந்து, தன் விரிப்பில் படுத்து, சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"வாடா," என்றேன். "நான்தான்டா வந்திருக்கேன். வாடா."

அது அசையவில்லை. மனைவி சமையலறை வாசலில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் சொல்லிக்கொடுத்ததை அது அட்சரம் பிசகாமல் செய்துகொண்டிருந்தது. அதை மறக்கடிக்க எத்தனை நாள் ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை. அத்தனை நாள் அதனிடம் இருக்கிறதா என்றும் தெரியவில்லை.

எழுந்து வெளியே போனேன். கதவைச் சாத்தி, மறுபடி மணியை அடித்தேன். காத்து நின்றேன். கதவைத் திறந்தது என் மனைவி.