மண் கேட்ட நாக்கு

நாக்கின் அடியில் மண் கரைந்துகொண்டிருக்கிறது, முதலில் பொடிப்பொடியாக, பிறகு குழைவாக, பிறகு மழை விழுந்த தெருவின் வாசனையாக, கண்ணை மூடிக்கொண்டால் போதும், தொண்டைக்குள் ஒரு குளிர்ச்சி இறங்கும், வயிற்றைப் புரட்டிக்கொண்டிருந்த குமட்டல் தட்டிக் கொடுத்த பிள்ளைபோல் அடங்கிவிடும், இன்னும் கொஞ்சம், ஒரே ஒரு விள்ளல் என்று மாரிச்செல்வி கையை நீட்டுகிறாள், நீட்டிய கையில் மண் இல்லை, ஊசி குத்திப் பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறது, முகம் தெரியாத யாரோ ஒருவருடைய ரத்தம் சொட்டுச் சொட்டாக அந்தக் கைக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது, ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு வெளியே மழை பிடித்திருக்கிறது, அந்த வாசனைதான் இது. பிள்ளை தங்கவில்லை என்று காலையில் டாக்டரம்மா சொல்லிவிட்டாள், புருஷன் செண்பகராஜ் கேட்டான், மாமியார் கேட்டாள், பக்கத்துக் கட்டில்காரி கூடக் கேட்டு உச்சுக் கொட்டினாள், நாக்குக்கு மட்டும் இன்னும் சேதி போய்ச் சேரவில்லை, அது பாட்டுக்கு ஊறிக்கொண்டிருக்கிறது.

கட்டிலுக்குக் கீழே சிமென்ட் தரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு மாமியார் ஆவுடையம்மாள் உட்கார்ந்திருக்கிறாள், கெட்ட மாமியார் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட முடியாது அவளை, சொல்ல முடிந்திருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும், கல்யாணமாகி வருஷங்கள் ஓடியும் வயிற்றில் ஒரு புழு பூச்சி இல்லை என்று தெருவே ஜாடை பேசியபோது, எம் மருமகளைச் சொல்ல எவளுக்கு வாயி இருக்கு, வாங்கட்டி முன்னால என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கியவள் அவள், வெள்ளிக்கிழமை தவறாமல் ஊர் எல்லையில் இருந்த அம்மன் புற்றுக்கு மாரிச்செல்வியைக் கூட்டிப் போவாள், புற்றைச் சுற்றிவந்து பால் ஊற்றுவார்கள், வேப்பங்கொப்பில் மஞ்சள் துணித் தொட்டில் ஆடும், ஒரு சிட்டிகைப் புற்றுமண்ணைத் தண்ணீரில் கரைத்து, முகம் சுளிக்காமக் குடிச்சிரு பிள்ள என்பாள், அம்மன் பிரசாதம் அது, ஊரில் எல்லோரும் வாங்கிக்கொள்வதுதான். அப்படிக் குடித்த ஒரு மாசத்தில்தான் நாள் தள்ளிப்போயிற்று.

அன்றைக்கு ஆவுடையம்மாள் அழுத அழுகை, சந்தோஷத்தில் ஒரு மனுஷி இப்படி அழுவாளா என்று மாரிச்செல்விக்குப் பயமாகக்கூட இருந்தது, செண்பகராஜுக்கு முன்னால் அவளுக்கு மூன்று, மூன்றும் வயிற்றோடு போனவை, அம்மன் குடுத்தா, அம்மனே எடுத்துக்கிட்டா என்று எப்போதோ சொல்லியிருக்கிறாள், சொல்லும்போது குரல் இடறாது, சாமி காரியத்தில் நமக்கென்ன பேச்சு என்பதுபோல் நிமிர்ந்து இருப்பாள், அந்த நிமிர்வை வைத்துத்தான் இத்தனை காலமும் நடமாடியிருக்கிறாள் என்பது இப்போது தெரிகிறது, அப்போது எங்கே தெரிந்தது. மூணு மாசம் முடியட்டும், ஒரு ஈ காக்காய்க்குத் தெரியக் கூடாது, கண்ணு பட்டுரும் என்றாள், சரி அத்த என்றாள் இவள், செண்பகராஜும் தறிப்பட்டறையில் மூச்சு விடவில்லை.

மறைக்க முடிந்தது வெளியே இருக்கிறவர்களிடம்தான், மடியில் இலையும் தூளும் பரப்பிய சொளவு முறத்தை வைத்துப் பீடி சுற்ற உட்கார்ந்தால் புகையிலைத் தூளின் நெடி மூக்கில் ஏறிக் குடலைப் பிடுங்கும், சோற்றைக் கண்டால் ஓட்டம், குழம்பு கொதித்தால் ஓட்டம், ஒன்றே ஒன்றுக்குத்தான் வாய் ஏங்கியது, ஒரு நாள் மழை தூறி மண் மணத்தபோது சுவரோரம் நின்று விரலால் தொட்டு நக்கிக்கொண்டிருந்தாள், ஆவுடையம்மாள் பார்த்துவிட்டாள், வெட்கத்தில் இவள் செத்துப்போனாள், ஆனால் அவள் திட்டவில்லை, கன்னத்தில் போட்டுக்கொண்டாள், எனக்கும் இப்படித்தாம் பிள்ள கேட்டுச்சு, ஒவ்வொண்ணுக்கும் கேட்டுச்சு, அம்மன் தந்த பிள்ளையில்லா, அதான் அவ மண்ணையே கேக்குது என்றாள். அதிலிருந்து விடிந்ததும் புற்றடிக்குப் போய் வருவாள், கொண்டுவந்த மண்ணைத் துணியில் சலித்து, கல் குறுணி இல்லாமல், நெல்லிக்காயளவு உருண்டை பிடித்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து உள்ளங்கையில் வைத்து நீட்டுவாள், பெற்ற தாய்கூட அப்படி ஊட்டியதில்லை, மாரிச்செல்வி தின்றாள், சும்மா சொல்லக் கூடாது, ஆசையாகத்தான் தின்றாள்.

நர்ஸக்கா எஸ்தர் தெருவுக்கு வருவாள், கையில் குடையும் தோளில் பையுமாக, இந்த வீட்ல யாரும் நாள் தள்ளிக் குளிக்காம இருக்காங்களா என்று வாசலில் நின்று கேட்டால், எங்க வீட்ல ஏது அந்தக் கொடுப்பினை என்று ஆவுடையம்மாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வாள், நடிப்பில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் நர்ஸக்கா லேசுப்பட்டவள் இல்லை, தண்ணீர்க் குழாயடியில் மாரிச்செல்வி தனியாகச் சிக்கியபோது, குடத்தைக் குழாய்க்கு அடியில் வைக்கச் சொல்லி, கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தாள், நாக்கை நீட்டச் சொன்னாள், நகத்தை அமுக்கிப் பார்த்தாள், இப்படி வெளுத்துக் கிடக்கியே, நாள் தள்ளியிருக்கா என்று கேட்டாள், இல்லக்கா, போன வாரந்தான் குளிச்சேன் என்று வாய் தானாகச் சொல்லிற்று. மண்ணு, சாம்பல், பச்சரிசி, இப்படி ஏதும் திங்கணும்போல இருக்கா என்று அடுத்த கேள்வி, திருடினதைக் கையும் களவுமாகப் பிடித்தாற்போல் இவள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள், இல்லக்கா.

குடம் நிரம்பி வழிந்தது, எஸ்தர் குழாயை மூடினாள். பொய் சொல்லுறதுன்னா சொல்லிக்க, ஆனா கேட்டுக்க, அப்படிக் கேக்குறது பிள்ளையும் இல்ல சாமியும் இல்ல, ரத்தம் கேக்குது, உடம்புல ரத்தம் இல்லன்னா நாக்கு இப்படி மாறிரும், மண்ணைத் தின்னத் தின்ன சாப்பாட்டுல உள்ள சத்தும் ஒட்டாது, முதல் மாசங்கள்லதான் பிள்ள உறுப்பெல்லாம் உருவாகும், அப்போ மறைச்சுட்டு அப்புறம் வயித்தைத் தள்ளிக்கிட்டு வந்து என்ன பிரயோசனம், பீடித் தூளையும் விட்டுரு, ஆஸ்பத்திரிக்கு வா, யாருக்கும் சொல்ல மாட்டேன். இரும்புச் சத்து மாத்திரை அட்டையை இடுப்பில் திணித்துவிட்டுப் போனாள், மாத்திரை குமட்டியது, மலம் கறுப்பாகப் போனதைக் கண்டு பயந்து, அட்டையை அரிசிப் பானைக்குள் செருகிவிட்டாள், அதற்கெல்லாம் அப்படித்தான் ஆகும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு வாய் பேச்சு போதும், அந்த ஒரு வாய்தான் திறக்கவில்லை.

திறக்க நினைத்தாள், அதைத்தான் இந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பார்க்கிறாள், அன்றைக்குச் சாயங்காலம், வெயில் தாழ்ந்து வாசல் மஞ்சளாக இருக்கிறது, ஆவுடையம்மாள் உருண்டையோடு வருகிறாள், புற்றடியில பல்லி சொல்லிச்சு பிள்ள, நல்ல திசையில சொல்லிச்சு என்கிறாள், பல் போன வாயெல்லாம் சிரிப்பு, அத்த, ரத்தம் கேக்குதாம் என்று சொல்ல வேண்டியது அவ்வளவுதான், மூன்று சொல், சொன்னால் அந்த முகம் என்ன ஆகும், இவ்வளவு நாள் கழித்து வந்த சிரிப்பு, மாரிச்செல்வி வாயைத் திறந்தாள், பேசுவதற்குத் திறந்த வாயில் மண் வந்து விழுந்தது, மென்றாள், விழுங்கினாள். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை புற்றைச் சுற்றிவரும்போது வேப்பமரம் தலைகீழாகச் சாய்ந்தது, மஞ்சள் தொட்டில்கள் எல்லாம் ஒன்றாக ஆடின, காலில் வெதுவெதுவென்று இறங்கியது பால்தான் கொட்டிவிட்டதோ என்று குனிந்து பார்த்தாள், பால் இல்லை. ஆட்டோவில் செண்பகராஜ் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஒண்ணும் இல்ல ஒண்ணும் இல்ல என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான், யாருக்குச் சொன்னானோ. டாக்டரம்மா காலையில் சொன்னாள், ரத்தம் குறைஞ்சதாலதான் போச்சுன்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன், சில கரு எப்படிப் பாத்தாலும் தங்காது, ஆனா இவ்வளவு கொஞ்ச ரத்தத்தோட நீ நடமாடினதே பெரிசு, ஆரம்பத்துலயே வந்திருந்தா உன் உடம்பையாவது தேத்தியிருக்கலாம். அடித்துச் சொல்லியிருந்தால்கூட அழுது தீர்த்திருப்பாள், அந்த ஒரு ‘சொல்ல மாட்டேன்’ சாகும்வரைக்கும் கூட வரும்.

மழை வலுக்கிறது, செண்பகராஜ் டீ வாங்கப் போனவன் இன்னும் வரவில்லை, கீழே இருந்து ஆவுடையம்மாள் எழுந்திருக்கிறாள், முந்தானை முடிச்சை அவிழ்க்கிறாள், உள்ளங்கையில் அதே நெல்லிக்காயளவு உருண்டை, அம்மன் எடுத்துக்கிட்டா, அவளே திருப்பித் தருவா, வாயத் திற பிள்ள என்கிறாள், குரல் இடறவில்லை, நிமிர்ந்துதான் நிற்கிறாள், மாரிச்செல்வியின் வாயெல்லாம் எச்சில், பாழும் நாக்கு, அதை உள்ளே மடக்கிக்கொண்டு, வேண்டாம் அத்த என்கிறாள். என்ன பிள்ள. கேட்டது அம்மன் இல்ல அத்த, ரத்தம், உடம்புல ரத்தம் இல்லன்னா எல்லாருக்கும் அப்படித்தான் கேக்குமாம்.

நீட்டிய கை நீட்டியபடியே இருக்கிறது, கோபம் வரும் என்று நினைத்தாள், வரவில்லை, ஆவுடையம்மாள் மண்ணையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், இதுவரை பார்த்தே இராத ஒன்றைப் பார்ப்பதுபோல், மிகச் சின்னக் குரலில் கேட்கிறாள்.

அப்போ எனக்குப் போன மூணும்?

ஆவுடையம்மாளின் விரல்கள் மெல்ல மூடுகின்றன, முதல்முறையாக அவள் தோள் இறங்குகிறது, கண்ணிலிருந்து இறங்கியது அந்த மூடிய கையில் விழுந்து விரலிடுக்கில் கசிகிறது, உள்ளே மண் கரைகிறது, முதலில் பொடிப்பொடியாக, பிறகு குழைவாக, வாசனை எழும்புகிறது, மாரிச்செல்வி ஊறிய எச்சிலை விழுங்கிக்கொண்டு, ஊசி குத்தாத கையை நீட்டி அந்தக் கையைப் பிடித்துக்கொள்கிறாள்.