நோட்டில் ஏறாத பெயர்

காலை ஆறரைக்கு வகுப்பின் அறுபது பேரும் எழுந்து நின்று, தொண்டை கிழிய ஆங்கிலச் சொற்களைப் படித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாரப் பட்டியலே ஒரு வம்புப் பட்டியல். வேண்டுமென்றே செய்வதற்கு ஒரு சொல், தெரிந்தே விதியை மீறுவதற்கு ஒன்று, முரண்டுக்கும் பிடிவாதத்துக்கும் நாலைந்து. வாய் திறக்காதவர் பெயரை நோட்டில் எழுதுவது வகுப்புத் தலைவி யாவ் லின்னின் வேலை.

பக்கத்து இருக்கை ஃபாங் ஜுவான் உதட்டைக்கூட அசைக்கவில்லை. திங்கட்கிழமை அவளுடைய மலைக்கிராமத்து உச்சரிப்பைக் கேட்டு வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. லின்னும்தான் சிரித்தாள். அன்றிலிருந்து ஜுவான் படிப்பதில்லை. நோட்டில் இரண்டு முறை பெயர் ஏறிவிட்டது.

"மூணாவது தடவைன்னா அப்பாவக் கூப்பிடுவாங்க," என்று ஜுவான் லின்னின் காதோரம் சொன்னாள். "ஷென்சென் ஃபேக்டரிலேர்ந்து வந்து, படிச்சது போதும்னு கையோட கூட்டிட்டுப் போயிடுவாருடி."

"அப்ப சும்மாவாவது வாயை அசையேன்டி, கழுதை!"

"மாட்டேன்."

லின் எழுதாமலே நோட்டை மூடினாள். திரும்பினால், பின்கதவுக் கண்ணாடியில் வகுப்பாசிரியை தாவ் டீச்சரின் முகம். எவ்வளவு நேரமாக அங்கே நின்றிருந்தாரோ!

தண்டனை வழக்கமானதுதான். தன் தப்பைத் தானே எழுதி, எல்லார் முன்னும் வாசிக்க வேண்டும். இந்த முறை ஆங்கிலத்தில். டீச்சர் மோசமானவர் அல்ல. தனியே கூப்பிட்டுச் சொன்னார்: "எல்லாரும் எழுதுற மாதிரி, கவனக்குறைவா இருந்துட்டேன்னு எழுதிடும்மா. விட்டுப்போன பேரையும் நோட்டுல சேர்த்துடு. தலைவி பதவி தப்பிச்சிடும்."

மறுநாள் காலை லின் கரும்பலகை அருகே நின்றாள்.

"கவனக்குறைவு இல்லை. வேண்டுமென்றேதான் எழுதவில்லை," என்று ஆங்கிலத்தில் வாசித்தாள். "திங்கட்கிழமை ஜுவானைப் பார்த்துச் சிரித்தேன். அதுவும் தெரிந்தே செய்ததுதான். அதற்கு யாரும் என் பெயரை எழுதவில்லை."



"பிடிவாதக்காரி," என்றார் டீச்சர். "நோட்டக் குடு. நானே எழுதிக்கிறேன்." பேனாவைத் திறந்தார்.

நாற்காலி கிறீச்சிட்டது. ஜுவான் எழுந்து நின்று பட்டியலின் முதல் சொல்லைப் படித்தாள். அதே மலை உச்சரிப்பு. பின்வரிசையில் எவனோ களுக்கென்று சிரித்தான். அவள் நிறுத்தவில்லை. இரண்டாவது சொல்லை இன்னும் சத்தமாகப் படித்தாள்.

டீச்சர் பேனாவை மூடிவிட்டு, சிரித்தவனைப் பார்த்தார்.

"நீ எந்திரி. அவ சொல்லச் சொல்ல, நீ திருப்பிச் சொல்லு."