நம்பர் பலகையில் மஞ்சள் காப்பு

வெள்ளிக்கிழமைதோறும் தாயார் சந்நிதியில் கொடுக்கும் மஞ்சள் காப்பைக் காரின் நம்பர் பலகையில் தடவுவது பராங்குசத்தின் வழக்கம். தடவித் தடவி அது எண்களின்மேல் பாளமாக உறைந்துவிட்டது.

ஓரிக்கைக்குத் திரும்பும் முனையில் போலீஸ்காரர் இளவரசன் கைகாட்டி நிறுத்தினார். பராங்குசம் இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கினார்.

"சாமி, கேமரா உங்க நம்பரப் படிக்கவே மாட்டேங்குது. அந்த மஞ்சளக் கொஞ்சம் தொடச்சி வுட்டீங்கன்னா போய்க்கினே இருக்கலாம்."

"தாயார் பிரசாதத்தைத் துடைக்கறதாவது! எங்க வம்சத்துலயே அந்தப் பழக்கம் கிடையாது."

"ஏன்னா, துடைச்சுடலாமே," என்றாள் மடியில் ஒரு பையோடு பக்கத்திலிருந்த மனைவி வத்ஸலா. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"சரி, நம்பரச் சொல்லுங்க. கையாலயே அடிச்சிப் பாக்கறேன்." இளவரசன் கைப்பேசியில் தட்டினார். "பாருங்க, கேமரா படிக்காத பலகைய எங்காளுங்க கண்ணால பாத்து ஏற்கெனவே ரெண்டு போட்டோ ஏத்தியிருக்காங்க. செவ்வாக்கெழம தாமல். வியாழக்கெழமயும் தாமல்."

பராங்குசம் கண்ணாடியைப் பாதி ஏற்றினார். சொல்லாமல் பதிவுத் திருமணம் செய்துகொண்ட மகள் மானஸா குடியிருப்பது தாமலில். 'அவள் பேரை இந்த ஆத்தில் யாரும் எடுக்கக்கூடாது' என்று உறவுக்காரர்கள் அத்தனை பேர் முன்னிலையிலும் சொன்னவர் அவர். இந்தச் செவ்வாய்க்கிழமையும் வங்கிக்கு என்று கிளம்பி, மகள் வீட்டெதிரே காரை நிறுத்தி, சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பியது தனக்கும் பெருமாளுக்கும் மட்டுமே தெரியும் என்றிருந்தார். வத்ஸலாவின் பக்கம் திரும்பத் துணிவு வரவில்லை.

"நான் எங்கே போறேன், வரேன்னு வேவு பார்க்க நீங்க யாரு?"

"வண்டிக்குள்ள இருக்கறது உங்க சொந்த விஷயம் சாமி. நம்பரு ஊர் பாக்கறதுக்குன்னுதானே வெளிய மாட்டறது?"

அப்போதுதான் பராங்குசத்துக்கு இன்னொன்று உறைத்தது. வியாழக்கிழமை அவர் கோயிலில் பிரபந்தம் சொல்லும் கோஷ்டியில் அல்லவா இருந்தார்?

"வியாழக்கிழமைங்கறது சுத்தப் பொய். எவனோ என் நம்பரைத் திருடிண்டிருக்கான்!"

இளவரசன் கைப்பேசியைத் திருப்பிக் காட்டினார். அதே கார், அதே மஞ்சள். ஓட்டுவது தெருக்கோடி டிரைவர் கலியன். பின்னிருக்கையில் மடியில் தூக்குப் பாத்திரத்தோடு வத்ஸலா.

படத்தையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது... நீயா?"

"நான்தான். அவளுக்குப் புளியோதரைன்னா உசிராச்சே."

"உள்ளே போனியா?"

"போகாம? நீங்கதான் வாசலோட திரும்பிடறேள்."

"யார் சொன்னா உனக்கு?"

"அவளேதான். நீங்க வரச்சேல்லாம் மாடி ஜன்னல்லேர்ந்து பாத்துண்டு நிக்கறாளாம். கூப்பிட்டா வண்டியைக் கிளப்பிண்டு போயிடுவேளோன்னு பயமாம்."

யார்மேல் கோபப்படுவது என்று பராங்குசத்துக்குப் புரியவில்லை. கேமராவின் மேலா? மாடியில் நின்றவள் மேலா? கலியனுக்கே தெரிந்திருக்கிறது என்றால் தெரு முழுக்கத் தெரிந்திருக்குமே. பின், இவ்வளவு நாளும் யாரிடமிருந்து எதைக் காத்தார்?

பின்னால் ஷேர் ஆட்டோ அலறியது.

"சாமி, தொடைக்கறீங்களா, ஃபைன் போடட்டுமா?"

"எதையாவது போடும்!"

"போட்டாச்சி. ஓரிக்கைக்குத்தானே? லெப்ட்ல போங்க. ரைட்டு தாமல் போவுது."

"ஓரிக்கைக்கா?" என்று வத்ஸலாவைக் கேட்டார்.

அவள் மடியிலிருந்த பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அதற்குள்ளிருந்து புளியோதரை மணத்தது.

இடமா வலமா என்று தெரியாமல், இண்டிகேட்டர் என்று நினைத்து எதையோ திருகினார். மழையே இல்லாத கண்ணாடியில் வைப்பர் ஆடத் தொடங்கியது.