கூட்ஸ் வண்டியில் பதினோரு பெண்கள்

பதினோரு பெண்களையும் இடுக்கியால் ஒவ்வொருவராக எடுத்து ஒரு மாத்திரை டப்பாவுக்குள் போட்டேன். ஒவ்வொரு பொம்மையும் இரண்டு சென்டிமீட்டர்கூட இருக்காது. எங்கள் மாதிரி ரயில் குழுவில் ஒருவரான பீமாராவ் எம்-சீல் பசையைப் பிசைந்து செய்திருந்தார். மடியில் நெல் மூட்டை, ஏற்றிக் கட்டிய சேலை, ஒருத்திக்கு வெற்றிலை மென்ற வாய்கூடச் சிவப்பாக இருந்தது. கூட்ஸ் வண்டியின் மூன்றாவது பெட்டியில், மேல்மூடி இல்லாத காலிப் பெட்டியில், அவர்களை உட்கார வைத்திருந்தார்.

"கூட்ஸ்ல ஆளு ஏத்த விதியே இல்லப்பா" என்றேன்.

"விதி இல்லதாண்ணே. ஆனா போயிருக்காங்க. எங்கம்மாவே போயிருக்கு."

"அம்மா சொன்னதெல்லாம் ஆதாரமா? போட்டோ இருக்கா?"

அவரிடம் இல்லை. அறுப்புக்குப் போய்த் திரும்புகிறவர்களை அந்தக் காலத்தில் யார் போட்டோ எடுத்தார்கள்? அது தெரிந்துதான் கேட்டேன். பீமாராவ் பொம்மைகள் ஒட்டியிருந்த இடத்தில் மிச்சமிருந்த பசையை நகத்தால் சுரண்டினார்.

மதுரையில் மாதிரி ரயில் செய்கிற பைத்தியங்கள் நாங்கள் ஏழு பேர். ஒத்தக்கடையில் ஒரு கல்லூரி அரங்கில் இரண்டு நாள் கண்காட்சி. பன்னிரண்டு அடி மேஜையில் 1983-ஆம் வருடத்து சோழவந்தானை வைத்திருந்தோம். மீட்டர் கேஜ் தண்டவாளம், கரி எஞ்சின், வயல், வாய்க்கால் எல்லாம் உண்டு. அந்த வருடம் ஓடாத எதுவும் மேஜையில் ஓடக்கூடாது என்பது சட்டம். சட்டம் போட்டது நான். விளக்குத்தூண் பக்கம் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் ஜுல்பிகர் ஆசை ஆசையாக நீலப் பெட்டிகள் செய்துகொண்டு வந்தபோது, "நீலம் பின்னாடி வந்தது மாப்ள, போய்ச் செங்காவி அடி" என்று திருப்பி அனுப்பினேன். மனுசன் முணுமுணுக்காமல் ஐந்து பெட்டிக்கும் மறுபடி பெயிண்ட் அடித்தார். என் அப்பா நல்லகாமன் கூட்ஸ் கார்டாக இருந்தவர், அவருடைய பழைய கால அட்டவணைகள் என்னிடம் இருக்கின்றன, அவ்வளவுதான் என் தகுதி. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை.

பெண்கள் கூட்ஸில் ஏறியது எனக்குத் தெரியாது என்றால்கூடப் பரவாயில்லை. தெரியும். என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பத்து வயதில், பொங்கல் லீவில், அப்பா என்னைக் கார்டு பெட்டியில் கூட்டிப்போனார். சோழவந்தானில் எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டு எங்கள் வண்டி ஒதுங்கி நின்றது. வயலில் கூலியாகக் கிடைத்த நெல்லோடு பெண்கள் காலிப் பெட்டிகளில் ஏறினார்கள். அப்பா ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு பெட்டி பெட்டியாகப் போனார். ஆளுக்கு ஒரு படி நெல். ஒருத்தி மட்டும், இன்றைக்குக் கிடைத்ததே ரெண்டு படிதான் சாமி, நாளைக்குத் தருகிறேன் என்றாள். அப்பா அவள் மூட்டையைப் பிடுங்கிக் கீழே எறிந்தார். தண்டவாள ஜல்லிக்குள் நெல் சிதறியது. அவள் குதித்து இறங்கி இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டிருக்கும்போதே எங்கள் வண்டிக்குக் கைகாட்டி இறங்கிவிட்டது. அப்பா பச்சைக் கொடியைக் காட்டினார். நான் பின்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வருடம் எங்கள் வீட்டுப் பொங்கல் புது நெல்லில். இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன். நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

குழுவில் நான் சொல்லி வைத்திருந்த அப்பா வேறு. விதி தவறாத மனிதர், கை சுத்தம். மாதிரி வண்டியின் கடைசிப் பெட்டியில் அவரையும் வெள்ளை யூனிஃபார்மில் நிறுத்தியிருந்தேன். பொத்தான்கள் வைக்கவே மூன்று நாள் பிடித்தது.

மத்தியானம் மூன்று மணிக்கு பீமாராவ் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். மலையம்மாளுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். மேஜை விளிம்பைப் பிடித்துக் குனிந்து, கண்ணைத் தண்டவாள மட்டத்துக்குக் கொண்டுவந்தார்.

"யாத்தே, தண்ணித் தொட்டி மொதக்கொண்டு வச்சிருக்கியேடா!" என்றவர், கூட்ஸ் ஒரு சுற்று போய் வந்ததும் மகனைத் திரும்பிப் பார்த்தார். "ஆமா, எங்கள எங்க காணோம்? பொம்ம செய்றேன்னு எம்புட்டு நாளு கேட்டுக்கிட்டு இருந்த?"

பீமாராவ் என் பக்கம் திரும்பவே இல்லை. "பெயிண்டு காயலம்மா" என்றார். இந்த ஆள்தான் எடுத்துவிட்டார் என்று கை காட்டியிருந்தால் எனக்குக் கோபமாவது வந்திருக்கும். டப்பா என் சட்டைப் பையில் கிடந்தது. நான் எஞ்சினைத் துடைப்பதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தேன்.

"கார்டய்யா மட்டும் ஜம்முனு நிக்கிறாரு" மலையம்மாள் சிரித்தார். "கையில சாக்கு வைக்காம விட்டுட்டியே. ஆளுக்கு ஒரு படி நெல்லு போட்டாத்தான ஏத்துவாரு."

சுற்றி நின்ற கல்லூரிப் பிள்ளைகளும் சிரித்தார்கள். ஜுல்பிகருக்குத்தான் என் முகம் பார்த்துப் பொறுக்கவில்லை. "எல்லா கார்டும் அப்படி இல்லம்மா. இந்தா நிக்கிறாரே ராஜபாண்டி அண்ணே, இவுக அத்தா கார்டுதான். ஒத்த பைசா தொடாத மனுசன்" என்றார். நான் சொல்லிக் கொடுத்த பாடத்தை எனக்காகவே ஒப்பித்தார்.

மலையம்மாள் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "எந்த கார்டு தம்பி?"

அந்தத் தடத்தில் எத்தனையோ கார்டுகள். அப்பா செத்துப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. வேறு ஒரு பெயரைச் சொல்லிவிடலாம். யாரிடமும் போட்டோ இல்லை. வெட்கம்கெட்ட மனது அந்த நேரத்திலும் அதைத்தான் கணக்குப் போட்டது.

"நல்லகாமன்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "நல்லகாமன். அந்தம்மா சொல்றது நெசம் ஜுல்பி. எங்கப்பாதான் வாங்குனாரு. நான் பாத்துருக்கேன். காலைல பீமா சொன்னப்பயும் எனக்குத் தெரியும்."

பீமாராவ் இப்போதுதான் என்னைப் பார்த்தார். ஜல்லிக்குள் நெல் அள்ளிய பெண் இவர்தானா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மலையம்மாள் கோபப்படவில்லை. ஒரு படி நெல்லை எத்தனை வேளைக்கு இழுக்கலாம் என்று தெரிந்தவர் கேட்கிற மாதிரி, மெதுவாகத்தான் கேட்டார்.

"எங்க வீட்டுல அது ரெண்டு நாளைக்கு வரும் தம்பி. உங்க வீட்டுல எம்புட்டு நாளைக்கு வந்துச்சு?"

ஜுல்பிகர் மின்சாரத்தை நிறுத்தினார். வண்டி வயல்களுக்கு நடுவே பாதி வழியில் நின்றது. மலையம்மாள் மேஜை விளிம்பிலிருந்து கையை எடுக்காமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.